சோற்று வாசம் ஆகாத நாட்கள்

அறுபதுகளின் நடுவில், தைப் பொங்கலை ஒட்டி, கோயமுத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நடந்தது இது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். வேறு பேச்சுக்குப் போனால் பேனாவை மூடிவிடுவேன் என்று மிரட்டியிருக்கிறாள். அதனால் நேராகச் சொல்லப் பார்க்கிறேன்.

சோமனூர்ப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தோட்டம். கிணற்றுப் பாசனம்தான். பருத்தியும் சோளமும் போடுவோம், ஓரமாகச் சின்ன வெங்காயம். என் வீட்டுக்காரருக்கு இளவட்டமாக இருந்த காலத்திலிருந்தே வயிற்று வலி. வந்தால் முழங்காலைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்து உட்கார்ந்துவிடுவார். நிமிர முடியாது, படுக்க முடியாது. வலி பெரும்பாலும் சாப்பிட்ட பிறகுதான் வரும். அதனால் சோற்றைக் கண்டாலே அவருக்குப் பயம்.

இதெல்லாம் தெரியாமல் நான் கல்யாணமான புதிதில் விழுந்து விழுந்து சமைத்தேன். எங்கள் பக்கத்தில் அரிசியும் பருப்பும் சோறு என்று ஒன்று உண்டு. சின்ன வெங்காயத்தை நன்றாகச் சிவக்க வதக்கி, சீரகம், பூண்டு, மஞ்சள் போட்டு, அரிசியும் துவரம்பருப்பும் ஒன்றாக வேக வைப்பது. மேலே ஒரு கரண்டி நெய். மழை பெய்கிற நாளில் அதைத் தின்றால் வேறொன்றும் வேண்டாம். அவருக்கும் அது உயிர். ஆனால் ரெண்டு வாய் தின்றதும் தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். எனக்கு அழுகையாக வரும்.

"ருசி இல்லீங்களா?" என்று கேட்பேன்.

"ருசியாத்தான் இருக்குது புள்ள. வயிறு வேண்டாங்குது, நான் என்ன பண்றது."

வருஷங்கள் போயின. ஆள் இளைத்து, வேட்டியை இடுப்பில் இறுக்கி இறுக்கிக் கட்ட வேண்டியதாகிவிட்டது. எத்தனையோ வைத்தியம் பார்த்தோம். கடைசியில் கோயமுத்தூருக்குப் போய் எக்ஸ்ரே எடுத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒரு சுரப்பி இருக்கிறதாம். அந்தப் பெயரை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டோம். அதற்குள் கல். எக்ஸ்ரே படத்தில் வெள்ளை வெள்ளையாக நொய் இறைத்த மாதிரி தெரிந்தது.

என் மாமியாரும் கூட வந்திருந்தார். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கல் என்று காதில் விழுந்ததும் டாக்டரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"நான் அப்பவே சொன்னேன். அரிசியை நல்லா அரிச்சுப் போடு அம்மிணின்னு சொன்னனா இல்லையா? என் பையன் வயிறு முச்சூடும் கல்லாக்கிப்போட்டயே."

அந்தக் காலத்து அரிசியில் கல் இருக்கும் என்பது உண்மைதான். ரெண்டு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, அரிசியை இதிலிருந்து அதில் அலசி அலசி ஊற்றினால் கல் அடியில் தங்கும். அதில் எனக்கு நல்ல கைப்பக்குவம் என்றுதான் நினைத்திருந்தேன். டாக்டர் முன்னால் அப்படிச் சொன்னதும் உடம்பெல்லாம் கூசிப்போய்விட்டது.

டாக்டர் சிரிக்கவில்லை. "இது சோத்துல வர்ற கல்லு இல்லீங்கம்மா. அந்தச் சுரப்பிக்குள்ளயே உண்டாகறது. மருமகளை ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார்.

அத்தை தலையை ஆட்டினார். ஆனால் நம்பவில்லை. அன்றிலிருந்து வீட்டில் அரிசி அரிக்கும் வேலையை என்னிடம் விடவே இல்லை.

ஆபரேஷன் செய்து கல்லை எடுத்துவிட்டு, அந்தச் சுரப்பியைப் பிளந்து குடலோடு சேர்த்துத் தைக்க வேண்டும் என்றார் டாக்டர். கத்தி வைப்பதைக்கூடப் பெரிதாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் பயம் என்றார். "அந்தச் சுரப்பியில ஒரு சாறு ஊறுதுங்க. நாம திங்கற சோத்தைக் கரைக்கறது அதுதான். தையல் சேர்றதுக்கு முந்தி அது கசிஞ்சுதுன்னா, உள்ள இருக்கறதையே கரைக்க ஆரம்பிச்சுரும்."

கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "நீங்க பண்ணுங்க டாக்டர். ஒரு நாளைக்காவது வயிறு நெறையத் தின்னுபோட்டுச் செத்தாலும் செரி" என்றார்.

"வாயைக் கழுவுடா" என்றார் அத்தை.

ஆபரேஷன் முடிந்தது. மூக்கில் ஒரு குழாய். கையில் குளுக்கோஸ். வயிற்றின் ஓரத்தில் இன்னொரு ரப்பர் குழாய் வந்து கட்டிலுக்குக் கீழே ஒரு பாட்டிலில் வடியும். தினமும் காலையில் பரிசோதனைச் சாலையிலிருந்து ஒரு பெண் கண்ணாடி ஊசியோடு வந்து ரத்தம் எடுத்துப் போகும். பாலக்காட்டுப் பக்கத்துப் பெண். வெள்ளைச் சேலை, எப்போதும் வேக நடை. அத்தை அந்தப் பெண்ணுக்கு வைத்த பெயர் ரத்தக்காரி.

"ஏங்கண்ணு, இருக்கறதே அரைப் படி ரத்தம். அதையும் நீ தினோம் மொண்டுட்டுப் போனா இவனுக்கு என்ன மிஞ்சும்?"

"கொறச்சுதான் அம்மே. ஒரு ஸ்பூன்."

"ஒரு ஸ்பூனு ஒரு ஸ்பூனாத்தான் நெய்யும் தீருது."

அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விடும்.

சில நாளில் அவர் தெளிந்துவிட்டார். மூக்குக் குழாயை எடுத்தார்கள். பழைய வலி போன இடம் தெரியவில்லை. ஒரு நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து, "பசிக்குது புள்ள" என்றார்.

இதைப் படிக்கிறவர்களுக்கு அது ஒரு சாதாரணப் பேச்சு. எனக்கு அப்படி இல்லை. கல்யாணம் ஆகி வந்த நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயால் நான் கேட்டதே இல்லை. நின்ற இடத்திலேயே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

மறுநாள் காலை ரத்தத்தைப் பார்த்துவிட்டுக் கஞ்சித் தண்ணி ஆரம்பிக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டு, "எனக்குக் கஞ்சித் தண்ணி கொண்டா. உனக்கும் அம்மாளுக்கும் அரிசியும் பருப்பும் சோறு ஆக்கிக் கொண்டா. நீங்க இங்க உக்காந்து தின்னுங்க, நான் வாசத்தையாவது புடிச்சுக்கறேன்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் நாங்கள் தங்கியிருந்தோம். காலையில் எழுந்து வெங்காயம் உரித்தேன். அத்தை அரிசியை மூன்று தண்ணீர் அரித்துக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்தக் கல்யாண வீட்டுக்கும் சமைத்ததில்லை. வெங்காயம் சிவக்கிற வாசம் தெருவுக்கே போயிருக்கும். தூக்குப்போசியில் சோற்றைப் போட்டு, கஞ்சித் தண்ணியைத் தனியாக ஊற்றிக்கொண்டு மத்தியானம் ரெண்டு பேரும் போனோம்.

நாங்கள் வாசற்படி தாண்டும்போதே அவர் கண்ணை மூடிக்கொண்டார். "வெங்காயம் நல்லாச் செவந்திருக்குது" என்றார். போசியைத் திறக்கவே இல்லை. என் கையைப் பிடித்து மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்களே என்று எனக்கு வெட்கம். "விடுங்க, அத்தை நிக்கறாங்க" என்றேன். விடவில்லை. "இதே போதும் புள்ள. பாதி வயிறு நெறஞ்சுபோச்சு" என்றார்.

அந்த நேரத்தில் டாக்டர் வேகமாக உள்ளே வந்தார். வழக்கமாக வருகிற நேரம் இல்லை. பின்னாலேயே ரத்தக்காரிப் பெண். அது முகத்தில் சிரிப்பு இல்லை.

"அது என்னங்க போசியில? முதல்ல வெளிய கொண்டு போங்க. கஞ்சியும் வேண்டாம். ஒரு சொட்டுத் தண்ணிகூட வேண்டாம்."

அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. "நேத்து நீங்கதானுங்க சாமி கஞ்சி குடுக்கலாம்னீங்க. என் பையன் நல்லாச் சிரிச்சுட்டு இருக்கறான், பாருங்க."

"ஆளு நல்லாத்தான் இருக்காருங்கம்மா. காய்ச்சல் இல்லை, வலி இல்லை. ஆனா அந்தச் சாறு ரத்தத்துல ஏறிப்போச்சு. முந்தாநாளை விட நேத்து ஜாஸ்தி, நேத்தை விட இன்னைக்கு ஜாஸ்தி. ரத்தத்துல வெள்ளை அணுவும் ஏறியிருக்குது. ரெண்டும் சேர்ந்து ஏறினா, பின்னால சீக்கு வருதுன்னு அர்த்தம். வராமயும் போகலாம். வந்த பின்னால பார்த்துக்கலாம்னு என்னால உக்கார முடியாதுங்க."

"ஊசி ஊசியாக் குத்தி ரத்தத்தை எடுத்தா அது ஏறாம என்ன பண்ணும்?" என்றார் அத்தை.

கட்டிலில் இருந்தபடியே இவர் கேட்டார். "கசியுதுங்களா டாக்டர்?"

"அப்படித்தான் சந்தேகப்படறேன்."

இவர் அத்தையைப் பார்த்துச் சொன்னார். "அம்மா, நம்ம வாய்க்காத் தண்ணி கசிஞ்சு பக்கத்துக் காடு ஈரமாக் கெடந்துதுன்னா என்ன பண்ணுவம்? கரை நல்லாத்தான இருக்குதுன்னு பார்த்துட்டு நிப்பமா? எங்கியோ எலி வளை போட்டிருக்குதுன்னு ஓடிப்போயி மடையை அடைக்க மாட்டமா?"

"அதேதானுங்க" என்றார் டாக்டர். "மடையை அடைக்கறதுக்கு எங்கிட்ட இருக்கற ஒரே வழி பட்டினி. ஒண்ணும் உள்ள போகலைன்னா சாறும் கம்மியா ஊறும். ஆனா இன்னொண்ணு கேளுங்க. சோறு உள்ள போனாத்தான் ஊறும்னு இல்லை. சோத்து வாசம் மூக்குல பட்டாலும் ஊறும். சோத்தைப் பத்திப் பேசினாலும் ஊறும்."

இவர் என்னைப் பார்த்தார். "அப்ப இவளையும் வெளிய அனுப்பிப்போடுங்க டாக்டர். இவ மேலதான் தாளிச்ச வாசமே."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் டாக்டர் என் பக்கம் திரும்பி, "கொஞ்ச நாளைக்குத் தள்ளியே இருங்கம்மா" என்றார்.

போசியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் மற்ற நோயாளிகளோடு வந்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் கொடுத்துவிட்டேன். நன்றாக இருந்தது என்றுதான் சொன்னார்கள். எனக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. குழாயடியில் கையைத் தேய்த்தேன், தேய்த்துக்கொண்டே இருந்தேன். வெங்காய வாசம் அவ்வளவு லேசில் போகிறதா? அந்தப் பாலக்காட்டுப் பெண் வந்து, பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் விரல் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டது.

"இப்போ ஆஸ்பத்திரி மணம் மாத்திரம் அம்மே" என்றது.

ரத்தம் சொன்னது பொய்க்கவில்லை. அடுத்தடுத்த நாளில் காய்ச்சல் வந்தது. பாட்டிலில் வடிந்த நீர் கலங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. ஆனால் எல்லாரும் தயாராக இருந்தார்கள். எடுக்க இருந்த வயிற்றுக் குழாயை எடுக்காமல் விட்டிருந்தார்கள். மூக்கில் மறுபடியும் குழாய், வேளாவேளைக்குப் பென்சிலின் ஊசி. கசிந்ததெல்லாம் உள்ளே தங்காமல் வெளியே வடிந்தது. குழாயை எடுத்துவிட்டுச் சோற்றையும் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று டாக்டர் சொல்லவில்லை.

நான் கதவோரத்தில் நிற்பேன். அடுப்புப் பக்கமே போவதில்லை. நானும் அத்தையும் கடையில் பன்னும் டீயும் வாங்கி வெளியே நின்றபடி சாப்பிட்டுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வருவோம். இத்தனை வருஷம் எனக்கு இருந்த ஏக்கம், அவர் பசிக்கிறது என்று சொல்ல வேண்டும், நான் போட வேண்டும் என்பது. இப்போது அவருக்குப் பசி வந்துவிட்டது. நான்தான் போட முடியாமல் தள்ளி நிற்கிறேன். அவர் காய்ச்சலில் உதட்டை நக்கும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

இன்னொரு தொந்தரவு, பார்க்க வரும் சொந்தக்காரர்கள். நாங்கள் ஒறம்பரை என்போம். எங்கள் பக்கத்தில் ஆளைப் பார்த்ததும் முதலில் என்ன கேட்போம்? "சாப்ட்டாச்சுங்களா?" அதுவும் பொங்கல் சமயம். ஆளுக்கு ஒரு தூக்கில் சர்க்கரைப் பொங்கல், கையில் கரும்பு. நான் வாசலிலேயே மறித்துவிடுவேன். "அதை அக்கட்டால வெச்சுப்போட்டு வாங்க. உள்ள போயி சாப்ட்டாச்சான்னு மட்டும் கேட்டுப்போடாதீங்க."

"அப்பறம் என்னதான் பேசறது அம்மிணி?" என்று அன்னூரிலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டார்.

"மழையைப் பத்திப் பேசுங்க."

அவரும் போய் மழையைப் பற்றித்தான் ஆரம்பித்தார். மழை பெய்தால் கடலைக்காய் நன்றாக விளையும் என்றார். விளைந்த கடலைக்காயைப் பச்சையாகப் பிடுங்கி உப்புப் போட்டு வேக வைத்தால் என்று அவர் சொல்லும்போது அத்தை அவர் தோளைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். எல்லாப் பேச்சும் சுற்றிச் சுற்றிச் சோற்றுக்கே வந்து சேரும் என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ரத்தம் எடுத்துப் போனால் முடிவு தெரிய மத்தியானம் ஆகும். அதுவரை நானும் அத்தையும் தாழ்வாரத்தில் காத்துக் கிடப்போம். காகிதத்தில் எழுதிக் காட்டினால் எங்களுக்கு என்ன தெரியும்? அந்தப் பெண்தான் ஒரு வழி செய்தது. ரத்தத்தில் அந்தச் சாறு எவ்வளவு இருக்கிறது என்று தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து கையை நீட்டி அளவு காட்டும், கிணற்றில் தண்ணீர் எவ்வளவு என்று காட்டுகிற மாதிரி. முதலில் தலைக்கு மேல் காட்டியது. அன்றைக்கு அத்தை சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். மறுநாளும் அதே. பிறகு தோளளவு. பிறகு கொஞ்ச நாள் தோளை விட்டு இறங்கவே இல்லை. ஒரு நாள் இடுப்பளவு. ரத்தக்காரி என்று கூப்பிட்ட அத்தை, அந்தப் பெண் வரும் நேரம் பார்த்து எழுந்து நிற்க ஆரம்பித்தார்.

"இடுப்புத்தானே கண்ணு? நல்லாப் பார்த்தயா?"

"நல்லாப் பார்த்தேன் அம்மே."

"நாளைக்கு முழங்காலுக்கு எறக்கிப்போடு. உன்னைக் கும்புடறேன்."

ஒரு மத்தியானம் அந்தப் பெண் வழக்கமான இடத்தில் நிற்கவில்லை. எங்கள் கிட்டேயே வந்து, குனிந்து, கணுக்காலைத் தொட்டுக் காட்டியது. அத்தை அப்படியே அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வெள்ளைச் சேலையில் அத்தையின் கண்ணீர் ஈரமாக ஒட்டிக்கொண்டது. "எத்தனை ஸ்பூனு வேணும்னாலும் எடுத்துக்க கண்ணு" என்றார்.

காய்ச்சல் விட்டு, பாட்டில் தெளிந்து, முதலில் தண்ணீர், பிறகு கஞ்சி என்று மெதுவாகப் போய், மாசி முடியும்போது வீட்டுக்கு வந்தோம். எல்லாம் தின்னலாம், கொஞ்சம் கொஞ்சமாக, என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அத்தை அரிசியும் பாத்திரமும் எடுத்துக்கொண்டு வந்து அரிக்க உட்கார்ந்தார். ரெண்டு அலசு அலசிவிட்டு என்ன நினைத்தாரோ, பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார். "நீயே அரிச்சுப்போடு அம்மிணி. எனக்குக் கண்ணு செரியாத் தெரியலை" என்றார். அத்தைக்கு அப்போது ஊசியில் நூல் கோக்கிற கண்.

அரிசியும் பருப்பும் சோறு ஆக்கி, தட்டில் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். பழக்க தோஷம், வைத்துவிட்டுக் கதவோரம் போய் நின்றுகொண்டேன். அவர் ஒரு வாய் எடுத்து வைத்தார். மென்றார். தட்டு காலியான பிறகுதான் தலையைத் தூக்கி, "இன்னும் எதுக்கு அங்க நிக்கற? இப்பத்தான் கிட்ட வரலாமில்ல" என்றார்.

போனேன். என் கையைப் பிடித்து, ஆஸ்பத்திரியில் பிடித்த மாதிரியே மூக்குக்குக் கிட்ட வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அவர் நிறைய வருஷம் இருந்தார், நன்றாகத் தின்றார், என்னோடு சண்டை போட்டார், பேரன் பேத்தி பார்த்தார். அத்தையும் போய், பின்னால் அவரும் போய்விட்டார். அந்தப் பாலக்காட்டுப் பெண் கல்யாணம் ஆகி வேறு ஊருக்குப் போய்விட்டது என்று கேள்வி. எங்கே இருந்தாலும் அந்தக் கை நன்றாக இருக்கட்டும்.

இப்போதும் மழை பெய்தால் வெங்காயம் உரித்து அரிசியும் பருப்பும் சோறு ஆக்குகிறேன். ஆக்கி முடித்ததும் உடனே கை கழுவ எனக்கு மனசு வருவதில்லை. அன்றைக்கு அவர் பிழைக்க வேண்டும் என்று விரல் விரலாகத் துடைத்துப்போட்ட அந்த வாசத்தை, இன்றைக்காவது அவர் கொஞ்சம் கிட்ட வந்து பிடித்துக்கொள்ள மாட்டாரா என்று, கையை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு சித்த நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.